குச்சிக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர்

திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடக்கிறவர்கள் என்று மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரக்காரருக்கும் பத்தடி முன்னால் போய், எதிரே வரும் மினி பஸ்ஸைக் கையசைத்து ஒதுக்குகிறாரே பெரியப்பா, அவர் இந்த இனம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் இழுக்கும்போது வடத்தில் ஒரு விரல்கூடப் படாமல் எதிரே நின்று துண்டைச் சுழற்றி, தேர் நகர்வதே அந்தத் துண்டின் காற்றால்தான் என்று நம்புகிறாரே, அவரும் இந்த இனம். அய்யனார் கோவில் அருவிக்குக் குடும்பத்தோடு போகையில் சாப்பாட்டுத் தூக்கு, ஜமுக்காளம், கைக்குழந்தை எல்லாவற்றையும் மற்றவர்கள் சுமந்து வர, வெறுங்கையை வீசிக்கொண்டு முதல் ஆளாக ஏறி, இருப்பதே ஒரு பாதை என்கிற இடத்தில் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று வழி காட்டுகிற சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவர்களெல்லாம் கொஞ்சம் கலப்படம். அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவைப் பார்க்க வேண்டும். அங்கே டிரம் மேஜர் என்று ஒருவர் இருப்பார். டிரம் அடிக்க மாட்டார். ஊத மாட்டார். தட்ட மாட்டார். கையில் ஒரு நீளக் குச்சி, அதன் உச்சியில் உருண்டையாக ஒரு பித்தளைக் குமிழ். அதை ஏற்றி இறக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பார். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த நடையில் இருக்கும் மிடுக்கு இருக்கிறதே, அது ஜில்லா கலெக்டருக்கும் வராது.

ராஜபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பேர் வேண்டாம், தலைமையாசிரியை கோபித்துக்கொள்வார். அங்கே பதினோராம் வகுப்பு வெங்கடேஸ்வரிதான் டிரம் மேஜர். அவளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? சென்ற வருடத்து லீடர் விட்டுப்போன வெள்ளைக் கோட்டு அவள் ஒருத்திக்குத்தான் சரியாக இருந்தது. பேண்டு மாஸ்டர் சோலைச்சாமி ஐந்து பேருக்குப் போட்டுப் பார்த்தார். நாலு பேருக்குக் கோட்டின் கை நீளம், ஆறாவதாக ஒருத்தியைக் கூப்பிட அவருக்குப் பொறுமையில்லை. வெங்கடேஸ்வரிக்கு இந்த விவரம் தெரியாது. தன் முகத்தில் ஏதோ ஒரு களை இருப்பதாக அவள் முடிவு செய்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் நடை மாறிவிட்டது. பால் வாங்கப் போனாலும் முழங்கால் உயர்ந்தது. "என் பேண்டு" என்றாள். "நான் குச்சியத் தூக்குனாத்தான் சத்தமே வரும்" என்றாள். "இருபத்திரண்டு பேரு உசுரும் இந்தக் குச்சியிலதான் இருக்கு" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, கேட்காத அம்மாளிடமும் சொன்னாள். ஒத்திகை நன்றாக அமைந்தால் காரணம் குச்சி. சொதப்பினால் காரணம் பெரிய டிரம் அடிக்கும் பியூலா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்து, குமிழைப் புளி போட்டுத் தேய்த்து, தன் முகம் தெளிவாகத் தெரிகிறவரைக்கும் விடமாட்டாள். தெரிந்த பிறகும் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அம்மாயி, மொகம் பாக்கவா அதப் பள்ளிக்கூடத்துல குடுத்தாக?" என்பாள் அவள் அம்மா. வீட்டில் பேசுவது தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு; அம்மாயி என்றால் தெலுங்கில் பெண்ணே. ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் வெங்கடேஸ்வரி திரும்ப மாட்டாள். லீடர் திரும்பக்கூடாது.

இது சோலைச்சாமி போட்ட சட்டம். வத்திராயிருப்புக்காரர், ராணுவத்து பேண்டில் இருபது வருடம் ஊதிவிட்டு வந்தவர். "லீடர் திரும்பிப் பாக்கப்படாது. நீ திரும்புனா பட்டாளமே திரும்பிரும். கண்ணு மேல இருக்கணும்" என்பார். புதன்கிழமை ராஜபாளையத்தில் இந்தப் பள்ளி, வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு பள்ளி. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு அணிவகுப்பு மெட்டு. இரண்டு பள்ளிக்கும் அதே மெட்டு, அதே தாளம், அதே இடத்தில் அதே பிசிறு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் அந்தக் குழுவை நடத்தியது யார்? பியூலாதான். வயிற்றுக்கு முன்னால் பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டால் எதிரே என்ன இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. பக்கவாட்டில் தெரிகிற சுவர், கடை, மாடு இவற்றை வைத்துத்தான் எந்தத் தெரு என்று கண்டுபிடிப்பாள். அவள் போடும் அடிக்குத்தான் மற்ற எல்லோரும் கால் வைப்பார்கள். இது வெங்கடேஸ்வரியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாலைப் பாதுகாப்புப் பேரணி. காலையில் வேனிலிருந்து இறங்கியதும் சோலைச்சாமி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"இருபத்தாறாம் தேதி விருதுநகர்ல, கலெக்டர் முன்னால நம்ம பேண்டு. இன்னைக்கு நீ நடக்குறதப் பாத்துட்டுத்தான் அன்னைக்குக் குச்சி ஒங்கிட்டயான்னு சொல்லுவேன். சொதப்புன, பாண்டிசெல்விகிட்டக் குடுத்துருவேன்."

பாண்டிசெல்வி பெரிய தாளம் தட்டுகிறவள். கொஞ்சம் தள்ளி நின்று உளுந்த வடை தின்றுகொண்டிருந்தாள். அவள் வடை தின்கிற நிதானத்திலேயே ஒரு சதி இருப்பதாக வெங்கடேஸ்வரிக்குப் பட்டது. குடியரசு தினம், மைதானம், போட்டோ, அதில் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு பாண்டிசெல்வி! இன்றைக்கு உயிரே போனாலும் தலை திரும்பாது என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள்.

ஏற்பாடு எளிமையானது. ராஜபாளையத்து பேண்டு ஒரு தெரு வழியாக வரும். உள்ளூர்ப் பள்ளியின் பேண்டு பக்கத்துத் தெரு முக்கில் காத்திருந்து பின்னால் சேர்ந்துகொள்ளும். அந்தப் பேண்டுக்கு லீடர் பாண்டிதுரை, ஒன்பதாம் வகுப்பு. குச்சி அவனைவிட ஒரு சாண் உயரம். "ராஜபாளையத்து லீடர் முக்கைத் தாண்டுனதும் நீ பின்னாலயே கெளம்பிரு" என்று சோலைச்சாமி அவனுக்குச் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு அவர் மைதானத்துக்குப் போய்விட்டார்.

வெங்கடேஸ்வரி குச்சியைத் தூக்கினாள். 'சாலையைக் கவனித்துச் செல்வோம்' என்ற பேனர் கட்டிய ஆட்டோ எங்கேயோ பின்னால் வந்தது. அவள் எதையும் கவனிக்கவில்லை. கண் மூன்றாவது மாடித் தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருந்தது. அதனால், அந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்ததும், அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததும் அவள் கண்ணில் படவில்லை. நாற்காலிக்காரர் ஒருவர் காலை மடக்கி வழிவிட்டார். அது தனக்குச் செய்த மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

துக்க வீட்டைக் கண்டால் கொட்டு நிற்க வேண்டும். இதை எந்த மாஸ்டரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கவாட்டில் சாமியானா தெரிந்ததுமே பியூலா இரண்டு தட்டுத் தட்டிக் கையை நிறுத்தினாள். இருபத்திரண்டு பேரும் வாத்தியத்தைத் தாழ்த்தி, தலையைக் குனிந்து, காலடிச் சத்தம்கூடக் கேட்காதபடி மெதுவாக நடந்தார்கள்.

வெங்கடேஸ்வரி? அவள் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் சத்தம் நின்றது காதில் விழத்தான் செய்தது. 'பியூலா டிரம்மு வாரு அறுந்துட்டு போல. இருக்கு அவளுக்கு' என்று நினைத்தாளே தவிர, திரும்பவில்லை. முக்கைத் தாண்டினாள். அங்கே பாண்டிதுரை நின்றான். லீடர் தாண்டியாயிற்று, பின்னால் யாரையும் காணோம், மாஸ்டர் சொன்னது லீடரைப் பற்றித்தானே? கிளம்பிவிட்டான். அதே மெட்டு, அதே தாளம், அதே பிசிறு. வெங்கடேஸ்வரிக்குத் திருப்தி. 'நான் நிக்காம நடந்ததுனாலதான் சமாளிச்சிட்டாளுக' என்று நினைத்து முழங்காலை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தினாள்.

பாண்டிதுரைக்கும் நிம்மதி. முன்னால் ஒருத்தர் போனால் நாம் பின்னால் போய்விடலாம் என்பதில் நம் ஆட்களுக்கு உள்ள சுகமே தனி.

மைதானத்தில் என்ன கைதட்டு! மேடையில் அதிகாரி எழுந்தே நின்றார். வெங்கடேஸ்வரி அந்த அணிவகுப்பை வாழ்நாளில் மறக்க மாட்டாள். மறக்க விடவும் மாட்டார்கள். மேடைக்கு நேரே வந்து, குச்சியை மேலே வீசிப் பிடித்து, கடைசியில் குழுவைப் பார்த்து நிற்க வேண்டிய கட்டம். அந்த ஒரு தடவைதான் லீடர் திரும்பலாம்.

திரும்பினாள். எல்லாம் பச்சைத் தொப்பிகள்.

அவள் குழுவின் சிவப்புத் தொப்பி ஒன்றுகூட இல்லை. பார்த்தே இராத முகங்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பையன், தன்னைவிட உயரமான குச்சியோடு, அவளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். "ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கு நமது பாராட்டுகள்" என்றது ஒலிபெருக்கி. சோலைச்சாமி மேடை ஓரத்தில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசல் பக்கம் அதே மெட்டு மறுபடி கேட்டது. சிவப்புத் தொப்பிகள் வந்தன. வரிசை கலையவில்லை, திருப்பத்தில் ஒரு கால் பிசகவில்லை. லீடர் நடக்க வேண்டிய இடத்தில் ஒரு தெரு நாய் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

அணி கலைந்து, டீயும் பிஸ்கட்டும் கொடுக்கும் இடத்தில் வெங்கடேஸ்வரி பியூலாவைப் பிடித்தாள்.

"எங்கட்டி போய்த் தொலைஞ்சீக?"

"நாங்க எங்க போனோம்? துக்க வீடுல்லா, கொட்ட நிப்பாட்டிட்டு நடந்து வந்தோம். நீதான் நிக்காமப் போயிட்ட."

"ஒரு சத்தம் குடுக்கலாம்ல?"

"எழவு வீட்டு முன்னால எப்படிட்டி கத்துறது?"

"சரி, பொறவாவது ஓடி வந்து பிடிச்சிருக்கலாம்ல?"

பியூலா பிஸ்கட்டை டீயில் முக்கினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "பொறவு ரெண்டு தெரு தாண்டித்தான் ஒன்னையக் காணோம்னே தெரிஞ்சுச்சு" என்றாள்.

வெங்கடேஸ்வரிக்கு அழுகை வந்தது. தப்புச் செய்ததற்காக வந்திருந்தால்கூடத் தேவலை. ரெண்டு தெரு! தெருவுக்கு இருநூறு எட்டு என்றாலும் நானூறு எட்டு அவள் இல்லாமலே நடந்திருக்கிறார்கள், ஒருத்திக்கும் தெரியவில்லை.

சோலைச்சாமி வந்து சேர்ந்தார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "குச்சியப் பாண்டிசெல்விகிட்டக் குடு" என்றார். வெங்கடேஸ்வரி நீட்டினாள்.

பாண்டிசெல்வி வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு சார்? நான் அங்க போயிட்டா தாளம் யாரு தட்டுறது?" என்றாள்.

"பொறவு யாரு போறது? நீ போறியா பியூலா?"

"டிரம்மு சார்" என்றாள் பியூலா.

இப்படியே எல்லோரையும் கேட்டார். ஒருத்திக்குப் புல்லாங்குழல், ஒருத்திக்குச் சின்ன டிரம், எல்லோருக்கும் வேலை இருந்தது. ஐந்து மாதமாக அவள் ராப்பகலாகக் காவல் காத்த அந்த இடத்துக்கு யாருமே ஆசைப்பட்டிருக்கவில்லை. கடைசியில் பியூலாதான் சொன்னாள்: "அவளே வரட்டும் சார். அவ முன்னால வந்தா ஷேர் ஆட்டோ, மாடு எல்லாம் ஒதுங்குது. எங்களுக்கு நடக்கத் தோதா இருக்கு."

"அதுவும் சரிதான்" என்றார் சோலைச்சாமி.

பதவி தப்பியது. மாட்டை ஒதுக்குகிற பதவியாக இருந்தாலும் பதவி பதவிதானே?

இருபத்தாறாம் தேதி, விருதுநகர் மைதானம். அணி தயாராக நின்றது. வெங்கடேஸ்வரி குச்சியை நெஞ்சுக்கு நேரே செங்குத்தாக நிறுத்தினாள். குமிழ் கண்ணுக்கு எதிரே வந்தது. அதில் அவள் முகம். வழக்கம்போல ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். முகத்தின் காதோரம் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குச்சியை நூலளவு சாய்த்தாள்.

தொப்பிகள். கடுகு கடுகாகச் சிவப்புத் தொப்பிகள். எண்ணினாள், இருபத்திரண்டு. பியூலாவின் டிரம் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. பாண்டிசெல்வி மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள். புளி போட்டுத் தேய்த்த அத்தனை மாதமும் இவர்கள் இந்தக் குமிழில் இருந்திருக்கிறார்கள். நடுவில் பெரிதாக ஒரு முகம் இருந்ததால் அவள்தான் அதற்கு அப்பால் பார்க்கவில்லை.

வெட்கமாக இருந்தது. கூடவே, ஏனென்று தெரியாமல், சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்கு அவள் குச்சியை முதலில் தூக்கவில்லை. குமிழுக்குள் பியூலாவின் கை உயர்வதைப் பார்த்து, அதோடு தூக்கினாள். மைதானம் முழுக்க, கடைசிக் கட்டம் வரும்வரை, அவள் தலை ஒரு தடவையும் திரும்பவில்லை. வேனில் ஏறும்போது பியூலா, "இன்னைக்குத்தாம்ட்டி நீ சரியான நேரத்துக்குக் குச்சியத் தூக்குன" என்றாள்.

அவள் பிழைத்துக்கொண்டாள், விடுங்கள். நாம் நம் விஷயத்துக்கு வருவோம். இத்தனை நேரம் உங்கள் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். சரி. "நான் ஒரு நாள் இல்லன்னா இங்க ஒண்ணும் ஓடாது" என்று வீட்டில் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? போன வாரமா? ஆபீஸுக்கு லீவு போட்ட அன்றைக்கு இருப்புக் கொள்ளாமல் மத்தியானம் போன் போட்டு, "நான் இல்லாம சமாளிச்சிருவீகளா?" என்று பெருந்தன்மையாக விசாரித்தீர்களே. அப்போது எதிர்முனையில் ஒரு குரல், உண்மையான ஆச்சரியத்தோடு, என்ன கேட்டது?

"அட, நீங்க இன்னைக்கு வரலையா சார்?"