பல்லேபொலக் கல்லும் கல்கடி நானாவும்

மாத்தளை மாவட்டத்தில் கல்கடி நானா கடித்துப் பார்க்காத மலை ஒன்றுகூட மிச்சமில்லை.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் நில ஆய்வுக் கந்தோர் உக்குவளையில் முகாம் போட்டிருந்தது. நான் டைப்பிஸ்ட். நானா தற்காலிகக் கூலி. பதினெட்டு வருடமாகத் தற்காலிகம். வருகிற கல்லைக் கழுவி, நம்பர் எழுதி, பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. கடிப்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. வெற்றிலைக் காவி ஏறிய முன்பற்களால் ஓர் ஓரத்தைக் கடித்து, கண்ணை மூடிச் சற்று நேரம் அரைப்பார்.

“பல்லுல நறநறன்னா மணலு. வெண்ண மாதிரி வழுக்கினா களிமண்ணு,” என்பார்.

ஒருமுறை வந்த வெளிநாட்டு நிபுணர், தானும் அப்படித்தான் கடிப்பதாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு நானாவைப் பிடிக்க முடியவில்லை. சோற்றில் கல் கடிபட்டால்கூட, அது எந்த ஊர்க் கல் என்று சொல்லாமல் அடுத்த கவளத்துக்குப் போகமாட்டார்.

எங்கள் துரை லண்டனில் படித்துவிட்டு வந்த இளைஞர். அவருக்கு ஒரே கனவு, ஷேல். தாள் தாளாக உரியும் களிப்பாறை அது. சில நாடுகளில் அதைச் சூடாக்கினால் எண்ணெய் வருமாம். பல்லேபொலயில் ஒரு மிளகுத் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது தாள் தாளாகக் கறுப்புக் கல் வந்ததும் துரைக்குத் தரையில் கால் பாவவில்லை. சில்லுகளைக் கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்கினார். எண்ணெய் வாடை வந்தது. குழாய் ஓரத்தில் ஒரு துளிகூடத் தேங்கியது.

உடனே கொழும்புக்கு அறிக்கை அடிக்கச் சொன்னார். நானாவை நிரந்தரமாக்கும் படிவமும் அதே மேசையில் அவருடைய கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

நானா வந்தார், கடித்தார்.

“தொர, இது எண்ணெக் கல்லு இல்லீங்க. பென்சிலுக்குள்ள வைக்கிற கரி.”

“அப்ப எண்ணெ எங்கருந்து வந்துச்சு?”

“தகரத்துலருந்து.”

எங்கள் பக்கத்தில் தண்ணீர், நெல், மிளகு எல்லாமே காலி மண்ணெண்ணெய்த் தகரத்தில்தான் பயணம் செய்யும். கல்லும் அதில்தான் வந்திருந்தது. துரையின் முகம் சுருங்கிவிட்டது. நான் நானாவை வெளியே இழுத்துப் போனேன்.

“நானா, கையெழுத்து விழுற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க.”

“எப்படித் தம்பி மூடுறது? இந்த வாயாலதானே கடிச்சேன்.”

மறுநாள் காலை பஸ் பிடித்துப் பல்லேபொல போய், கிணற்றில் தாமே இறங்கி, புதுச் சில்லுகளை வாழை இலையில் பொதிந்து வந்தார். துரை சூடாக்கினார். வாடையும் இல்லை, துளியும் இல்லை. குழாயில் ஏதோ கோளாறு என்று முணுமுணுத்தார். நானா ஒரு சில்லை நீட்டினார்.

“நீங்களே கடிச்சுப் பாருங்க தொர.”

லண்டன் படிப்பு கல்லைக் கடித்தது. வாயைத் திறந்தபோது பல்லும் உதடும் அடுப்புக்கரி பூசியதுபோல் இருந்தன. ஜீப் டிரைவர் சிரிப்பை அடக்கமுடியாமல் வாசலுக்கு ஓடிவிட்டார்.

“பென்சில் கரிதான்,” என்றார் துரை மெதுவாக.

“எனக்கும் எண்ணெ வரணும்னுதாங்க ஆசை. வந்திருந்தா, இலங்கையில மொதல்ல கடிச்சவன் நான்தான்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சிருப்பேன். இல்லாதத எப்படீங்க சொல்றது?”

துரை அறிக்கையைக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு அந்தப் படிவத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். ‘தகுதி’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. நானா பள்ளிக்கூடம் போனதில்லை. என்ன அடிப்பது என்று கேட்டேன்.

கறுத்த உதட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே துரை சொன்னார்: “இல்லாதத சொல்லமாட்டார்னு அடிங்க.”

முப்பது வருட உத்தியோகத்தில் நான் அடித்த வரிகளில், இது நான் அடித்தது என்று சொல்லிக்கொள்ள நான் ஆசைப்படுவது அந்த ஒரு வரியைத்தான்.