நிழற்குடை எண் இருபத்தேழு

சுவரும் கூரையும் கதவும் இருந்தால் அது வீடுதான் என்று நம்புகிறவர்கள் இன்னும் நாட்டில் இருக்கிறார்கள். நானும் என் கணவரும் அப்படித்தான் இருந்தோம். நான் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டுமே கண்ணால் பார்த்ததை நம்பிச் செய்யும் வேலைகள். அந்த வெகுளித்தனம் தெளிய எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

புது வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வீடுகள் உள்ள ஒற்றைத் தெரு, அதில் எங்களுடையது இருபத்தேழாவது. கரண்டிகள் எல்லாம் 'புத்தகங்கள்' என்று எழுதிய பெட்டியில் இருந்தன. புத்தகங்கள் எந்தப் பெட்டியில் என்று இன்றுவரை தெரியாது. குழாயில் காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும், அதற்குள் துவைத்து, குளித்து, பிடித்து வைத்துவிட வேண்டும். எங்கள் ஐந்து வயது மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. அவள் வெள்ளைச் சுவரைக் கண்டதும் கிரேயானை எடுத்து ஆளுயரத்துக்கு ஒரு யானை வரைந்துவிட்டாள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு அந்த வீட்டைப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். தெருக்கோடியில் பள்ளிக்கூடம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டால் வாலு தானே நடந்து போய்விடுவாள். அங்கே இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பள்ளி ஊரின் மறுகோடியில், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. "இடம் இருக்கும்மா. இந்தத் தெருவுல குடியிருக்கறவங்களுக்காகவே நடத்தற பள்ளிக்கூடம் இது. வசிப்பிடச் சான்று மட்டும் மாசக் கடைசிக்குள்ள கொண்டு வந்துடுங்க" என்றார்.

"எங்க வீடு இதோ உங்க ஜன்னல்லயே தெரியுதே டீச்சர்."

அவர் எட்டிப் பார்த்தார். "தெரியுது. ஆனா ஜன்னலை ஃபைல்ல வைக்க முடியாதே."

நியாயம்தானே என்று வட்டார அலுவலகத்துக்குப் போனோம். பதிவேட்டு எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டி, இருபத்தேழாம் எண்ணில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது பேருந்து நிழற்குடையாச்சே."

"இல்லைங்க, வீடு" என்றார் என் கணவர். "ரெண்டு ரூம், ஒரு ஹால்."

"பெரிய நிழற்குடைதான்" என்று எழுத்தர் ஒப்புக்கொண்டார். "ஆனா பதிவேட்டுல நிழற்குடைன்னுதான் இருக்கு. நிழற்குடையில யாரும் குடியிருக்கக் கூடாது."

"நாங்க குடியிருக்கோமே."

"அதை எழுத்துல கொடுக்காதீங்க. கொடுத்தா உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்."

"எழுத்துல கொடுக்காம எப்படி சார் சான்று வாங்கறது?"

"அதான் சொல்றேன், வாங்க முடியாது."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் "அந்த மாத்திரை வரலீங்க" என்று நானே ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வேன், அதே குரல். அதனால் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. என் கணவர் மட்டும் விடாமல், பதிவேட்டைத் திருத்தக் கோரி மூன்று பிரதிகளில் மனு எழுதிக் கொடுத்தார். "மனு போட்டுட்டோமில்ல, வேலை நடக்கும்" என்றார். அவருக்கு எந்த இயந்திரமும் சரியான பொத்தானை அழுத்தினால் மேலே போகும் என்ற நம்பிக்கை உண்டு.

வேலை நடக்கத்தான் செய்தது. எட்டாம் நாள் ஆய்வாளர் வந்தார். கையில் 'நிழற்குடைகள் ஆய்வுப் படிவம்' இருந்தது. வீடுகளுக்கான படிவம் வேறு பிரிவில் இருக்கிறதாம். ஹாலை நாடா வைத்து அளந்தார். சோபாவில் உட்கார்ந்து ஒரு தடவை எழுந்தார்.

"மூணு பேர்தான் உட்காரலாம். விதிப்படி நாலு பேர்" என்று எழுதிக்கொண்டார். "கதவு எதுக்கு? பயணிகளுக்கு இடைஞ்சல்."

"வீட்டுக்குக் கதவு வேணாமா சார்?"

"வீட்டுக்கு வேணும்" என்றார் அவர்.

சமையலறையைப் பார்த்து 'அனுமதியற்ற சிற்றுண்டிக் கடை' என்று எழுதினார். கட்டிலைப் பார்த்து 'பயணிகள் நிரந்தரமாகப் படுத்துறங்கும் போக்கு கவலையளிக்கிறது' என்று எழுதினார். யானைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். 'சுவரில் சமூக விரோதிகளின் கிறுக்கல்கள்.'

எழுத்துக் கூட்டிப் படித்த வாலு, "சமூக விரோதின்னா யாரு மாமா?" என்று கேட்டாள்.

"இன்னும் கண்டுபிடிக்கல பாப்பா. கண்டுபிடிச்சிடுவோம்."

அவள் கிரேயானை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து வாசலில் நீலப் பலகை ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள். 'நிழற்குடை எண் 27. தூய்மை காப்பீர்.' மறுநாள் காலை பஸ் வந்து நின்றது. அதற்கு மறுநாள் பக்கத்துத் தெருவிலிருந்து பயணிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் கையில் எப்போதும் குடை வைத்திருப்பவர். செருப்பை ஒழுங்காக வாசலில் விட்டார், சோபாவில் உட்கார்ந்தார், நான் பல் தேய்த்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, "ஏழரை பஸ் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார். நான் நுரையோடு தலையாட்டினேன். வேறென்ன செய்வது, போயிருந்ததே.

ஹாலில் புகார்ப் பெட்டியும் வைத்தார்கள். முதல் வாரத்தில் இரண்டு புகார்கள். ஒன்று, மின்விசிறி சத்தம் போடுகிறது. இன்னொன்று, ஒரு பெண்மணி காலை நேரத்தில் ஈரத்தலையோடு பயணிகளுக்குக் குறுக்கே நடமாடுகிறார். அந்த இரண்டாவது புகாரை விசாரித்து விளக்கம் அளிக்குமாறு எனக்கே கடிதம் வந்தது. 'அப்பெண்மணி கடுமையாக எச்சரிக்கப்பட்டார்' என்று பதில் போட்டேன். திருப்தி தெரிவித்து மறுகடிதம் வந்தது.

மாதக் கடைசி நாள் வந்துவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு நான் மட்டும் எழுத்தரிடம் போனேன். "சார், நாங்க எங்க இருக்கோம்னு ஒரு காகிதத்துல சொல்லுங்க. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும்."

அவருக்கும் பேத்தி இருக்கும் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார்.

"குடியிருக்கறாங்கன்னு எழுத முடியாது. ஆனா அந்த நிழற்குடையில உங்க பொண்ணைத் தினமும் பார்க்கலாமில்ல?"

"பார்க்கலாம் சார்."

"நிழற்குடையில இருக்கற ஆள் என்ன செய்வார்?"

புரிந்துகொண்டு, "காத்திருப்பார் சார்" என்றேன்.

எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். 'மேற்படி சிறுமி மேற்படி நிழற்குடையில் பேருந்துக்காகக் காத்திருக்கிறார் எனச் சான்றளிக்கப்படுகிறது.' சுத்தப் பொய். அவளுக்கு எந்த பஸ்ஸும் வேண்டியதில்லை. தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சான்றுன்னு தலைப்பு இருக்கு. முத்திரை இருக்கு. தெரு பேரும் இருக்கு" என்று ஃபைலில் சொருகினார்.

மறுநாள் வாலு பையை மாட்டிக்கொண்டு, சோபாவில் இருந்த மூன்று பயணிகளுக்கும் டாட்டா சொல்லிவிட்டுத் தனியாக நடந்து போனாள். நான் வாசலிலேயே நின்று, அவள் பள்ளிக்குள் நுழைந்து திரும்பிக் கையசைக்கிறவரை பார்த்தேன். அந்த மாதம் முழுக்கப் பட்ட பாடு அந்த ஒரு கையசைப்பில் கரைந்துபோயிற்று.

இதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. நிழற்குடை பொது வசதி. பொது வசதிகளுக்குத் தண்ணீர் நாள் முழுக்க உண்டு. ஒரு நாள் மத்தியானம் மறதியாகக் குழாயைத் திறந்தேன், வந்தது. வாசலைக் கூட்டித் துடைக்கக் காலையும் மாலையும் ஆள் வந்தார். பல்பு போனால் கேட்காமலே மாற்றினார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் இதையெல்லாம் தன் மெஷினுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உண்மையைச் சொல்லும்மா" என்று ஒரு நாள் வாயைக் கிளறினார். "யாரைப் பிடிச்சீங்க?"

"யாரையும் பிடிக்கலண்ணே. அவங்கதான் எங்களைப் பிடிச்சாங்க."

அவர் நம்பவில்லை. நேரே எழுத்தரிடம் போய், தன் வீடும் நிழற்குடைதான் என்று மனுக் கொடுத்தார். வீட்டை வீடு என்று நிரூபிக்கத்தான் படிவம் இல்லை, நிழற்குடை என்று அறிவிக்க அழகான படிவம் இருந்தது. நான்கே நாளில் நீலப் பலகை வந்தது. பிறகு தெருவுக்கே அந்தக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பலகை இல்லாத வீட்டுக்காரர்கள் வெளியே தலைகாட்டக் கூச்சப்பட்டார்கள். அலங்கார நிபுணர் ஒருவர் வீடு வீடாக வந்து 'பயணப் பாணி' என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார். எங்கள் வீடு தவிர மற்ற வீடுகளில் மெத்தை சோபாக்கள் போய் ஹாலுக்கு ஹால் ஓட்டை போட்ட இரும்பு பெஞ்சுகள் வந்தன. சுவரில் குடும்பப் படம் இருந்த இடத்தில் பஸ் நேர அட்டவணையைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். என் நாத்தனார் ஊரிலிருந்து வந்து தையல்காரர் வீட்டுப் பெஞ்சில் முதுகு வலிக்க உட்கார்ந்து, "எவ்வளவு எளிமையா இருக்கு அண்ணி" என்று பெருமூச்சு விட்டாள்.

ஐந்தாம் மாதம் ஒரு பதிவுத் தபால் வந்தது. என் கணவரின் மனு மேலே போய்ச் சேர்ந்து கீழே இறங்கியிருந்தது. 'எண் 27 வீடு என்பது கண்டறியப்பட்டது. தவறுக்கு வருந்துகிறோம். பத்து நாட்களுக்குள் ஒப்புதல் கையொப்பமிட்டு அனுப்பினால் பலகை அகற்றப்படும்.'

"பார்த்தியா, ஜெயிச்சுட்டோம்" என்றார் அவர், உற்சாகமில்லாமல்.

"ஆமா" என்றேன்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டோம்.

"பாப்பாதான் ஸ்கூல்ல சேர்ந்தாச்சே" என்றார்.

"அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றேன்.

கடிதத்தை 'புத்தகங்கள்' பெட்டியில் கரண்டிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். எதையாவது தொலைக்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் கிடையாது. பத்து நாள் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை.

வருடக் கடைசியில் பள்ளி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். 'மேற்படி தெருவில் நிழற்குடைகள்: முப்பத்திரண்டு. குடியிருப்போர்: இல்லை. எனவே பள்ளி மூடப்படுகிறது.'

தெருவே திரண்டு அலுவலகத்துக்குப் போனது. தையல்காரர்தான் முன்னால் நின்றார். "நாங்கல்லாம் அங்கதான் குடியிருக்கோம், பள்ளிக்கூடத்தை மூடக் கூடாது" என்றார்.

"எழுத்துல கொடுங்க" என்று எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். "நிழற்குடையில குடியிருக்கறதா."

யாரும் தாளைத் தொடவில்லை. எழுத்தருக்கே பாவமாகிவிட்டது. விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"தெருவுல ஒரே ஒரு வீடு இருந்திருந்தாக்கூட இந்தப் பள்ளியை மூட முடியாது. ஒரே ஒரு குடும்பம் போதும்." அடுத்துப் பதிவேட்டைப் புரட்டிய கை நின்றது. "அட, ஒண்ணுக்கு வீடுன்னு உத்தரவே போட்டு அனுப்பியிருக்கோமே. இருபத்தேழு. கையெழுத்துத் திரும்பி வரல. காலாவதி."

முப்பத்தொரு குடும்பமும் எங்கள் பக்கம் திரும்பியது. என் கணவர் உத்தரத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். செருப்பு பளிச்சென்று இருந்தது. எங்கள் வீட்டில்தான் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லையே.

இப்போது வாலு ஊரின் மறுகோடிப் பள்ளியில் படிக்கிறாள். காலை ஆறேகாலுக்கே சீருடையோடு, கண்ணில் தூக்கத்தோடு, எங்கள் ஹால் சோபாவில் குடைக்காரருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். பஸ் தெருமுனையில் திரும்பிவிட்ட சத்தம் கேட்கும். ஆனால் எங்களுக்கு முன்னால் உள்ள இருபத்தாறு நிழற்குடையிலும் நின்று வர வேண்டுமே, எங்களிடம் வந்து சேர முக்கால் மணி ஆகும்.

நேற்று பெட்டியைக் கிளறியபோது பழைய சான்றின் நகல் கிடைத்தது. மேற்படி சிறுமி மேற்படி நிழற்குடையில் பேருந்துக்காகக் காத்திருக்கிறார். அன்றைக்கு அதைப் பொய் என்று நினைத்தேனே, அது என் அவசரம். அலுவலகம் பொய் சொல்வதில்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது, மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்கிறோம்.