ஸ்பேட் பெரிசு, சார்!

சின்ன வயதில் வீட்டில் கற்றுக்கொண்ட எதையும் நாம் பிறகு சரிபார்ப்பதில்லை. ரசத்துக்கு மிளகு எவ்வளவு என்று யாராவது புத்தகத்தைப் புரட்டுகிறார்களா? அம்மா சொன்னால் சொன்னதுதான். நான் போக்கர் ஆட்டத்தின் விதிகளையும் அப்படித்தான் நம்பினேன். ரசம் கெட்டால் விஷயம் சமையலறையோடு முடிந்துவிடும். நான் கெடுத்தது எங்கள் கம்பெனியின் முதல் டெமோவை.

கம்பெனி என்றால் நானும் என் காலேஜ் நண்பன் பிரகாஷும்தான். மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு கைத்தொலைபேசிக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். நாங்கள் விளையாட்டு எதுவும் செய்வதில்லை. நண்பர்கள் கூடி, பணத்துக்குப் பதில் இலவச சிப்ஸ் வில்லைகளை வைத்து ஆடும் போக்கர் ஆப்களை வேறு யாரோ செய்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை வேண்டுமே, அதுதான் எங்கள் சர்வீஸ். ஆப் கார்டுகளை அனுப்பும். யார் ஜெயித்தது, யாருக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று நாங்கள் கண்சிமிட்டும் முன் பதில் அனுப்புவோம். அந்தக் கணக்கு முழுவதையும் எழுதியது நான். நன்றாகவே எழுதினேன் என்பதை இப்போதும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

இதற்காக செனாயில் இருந்த ஃபேக்டரி வேலையை விட்டிருந்தேன். "உன் சீட் காலியாத்தான் இருக்கு கவிதா" என்று பழைய மேனேஜர் அன்பாக மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தார். முதல் வாடிக்கையாளர் சிக்காவிட்டால் அந்த சீட்தான் கதி. சிக்கக்கூடியவர் என்று உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். சிங்கப்பூரில் போக்கர் ஆப் நடத்தும் தினகரன் சார்.

இப்போது எங்கள் வீட்டு விதியைச் சொல்ல வேண்டும். குளுவாங்கில் எங்கள் வீட்டில் தீபாவளி மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்து போக்கர் ஆடுவோம். முறுக்குதான் பந்தயம். அம்மாதான் சீட்டுப் போடுபவர், நடுவர், பெரும்பாலும் ஜெயிப்பவரும். அம்மா முதலில் பழகியது பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு ஆடிய டாய் டீ என்ற சீட்டாட்டம். அந்த ஆட்டத்தில் நான்கு ஜாதிச் சீட்டுகளில் ஸ்பேட்தான் பெரிசு. அந்த விதியை அம்மா அப்படியே போக்கருக்கும் கொண்டுவந்துவிட்டார். இரண்டு பேருக்கு சமமாக வந்தால், கையில் ஸ்பேட் வைத்திருப்பவருக்கே முறுக்கு; ஸ்பேட் இல்லாவிட்டால் அடுத்த பெரிய ஜாதிக்கு. யாராவது ஒருவர் ஜெயித்தே ஆகவேண்டும். எங்கள் சொந்தபந்தத்தில் இதை மறுத்தவர் கிடையாது. நான் அதை அப்படியே புரோகிராமில் எழுதியும் வைத்துவிட்டேன்.

தினகரன் சார் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் காஸ்வே பாலத்தின் நெரிசலில் வெந்து, சட்டை கசங்கி வந்து சேர்ந்தார். ஒரு தே தாரிக் டீ குடித்ததும் முகம் தெளிந்தது. நான் திரையில் கார்டுகளைப் போடப் போட பதில்கள் பறந்து வந்தன. அவர் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஆட்டம் சமமாக முடியும் வாய்ப்பைக் காட்டும் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த டை எத்தனை சதவீதம்னு இருக்கே, இது ஏன் எப்பவும் சைபராவே இருக்கு?"

"அதுதான் சார் எங்க ஸ்பெஷாலிட்டி! மத்தவங்க சர்வீஸ்ல டை ஆகும். எங்களோடதுல ஆகவே ஆகாது!"

பிரகாஷ் பெருமையாகச் சிரித்தான். (அவனுக்குச் சீட்டாட்டமே தெரியாது. அவன் வீட்டில் கேரம். என்னை நம்பினான், பாவம்.)

தினகரன் சார் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு பேர் கையிலும் ஒரு ஏஸ், ஒரு கிங் கொடுத்தார். ஜாதி மட்டும் வேறு வேறு. திரையில் முதல் ஆளுக்கு வெற்றி தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம். இரண்டாவது ஆளுக்குப் பட்டை நாமம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கார்டுலா. எப்படி இவரு ஜெயிப்பாரு?"

"அவர் ஏஸ் ஸ்பேட் ஆச்சே சார்."

"அதனால?"

"ஸ்பேட் பெரிசு, சார்!"

"போக்கர்ல ஜாதி பாக்கறதே கிடையாதுமா. சமமா வந்தா சிப்ஸைப் பாதி பாதி பிரிச்சுக் கொடுக்கணும்."

புத்தியுள்ளவள் இந்த இடத்தில் "சரி பார்க்கிறேன் சார்" என்றிருப்பாள். நான் பரிதாபத்தோடு அவரைப் பார்த்தேன். சிங்கப்பூரில் வளர்ந்தவர், விவரம் தெரியவில்லை என்று நினைத்தேன். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவை அழைத்தேன். ஆம், வாடிக்கையாளர் முன்னால், தொழில்நுட்ப ஆதாரமாக, என் அம்மாவை.

"அம்மா, போக்கர்ல ரெண்டு பேருக்கு சமமா வந்தா யாருக்கு?"

"ஸ்பேட் வெச்சிருக்கவங்களுக்கு. இதைக் கேக்கவா வேலை நேரத்துல கூப்பிட்ட?"

நான் வெற்றிப் பார்வை பார்த்தேன். அவர் போனை நோக்கிக் குனிந்தார். "ஆன்ட்டி, உலகம் முழுக்க பாதி பாதிதான் பிரிக்கறாங்க."

"பங்கு போட்டுக்கணும்னா கோயில்ல போய் பிரசாதம் வாங்கலாம் தம்பி. சீட்டு எதுக்கு?"

அதற்குள் பிரகாஷ் தன் போனை மேசைக்கடியில் என்னிடம் நீட்டினான். போக்கர் விதிகள். ஜாதிகளுக்குள் பெரிசு சிறிசு கிடையாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அலமாக்! டை ஆகவே ஆகாது என்று வைத்து நான் கணக்கிட்ட சதவீதம் அத்தனையும் தப்பு. செனாய் ஃபேக்டரியின் வாசல் என் கண் முன்னால் வந்து நின்றது.

அம்மா போனை வைப்பதாக இல்லை. "ஏன் தம்பி, உங்க ஆப்ல பாதி கொடுத்தா யாரும் சண்டைக்கு வரலையா?"

தினகரன் சார் கொஞ்சம் தயங்கினார். "வர்றாங்க ஆன்ட்டி. எங்க ஊர்லயும் சரி, ஜொகூர்லயும் சரி, 'ஸ்பேட் என்கிட்ட இருக்கு, ஏன் பாதிதான் கொடுத்தீங்க'ன்னு புகார் மேல புகார்."

"பாத்தீங்களா?" என்றார் அம்மா.

தினகரன் சார் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. பிறகு அவர் என்னிடம் திரும்பி, "முதல்ல ஒழுங்கான விதிப்படி கணக்கைத் திருத்துங்க. ஒரு புள்ளி தப்பினாலும் நான் மறுபடி காஸ்வே தாண்ட மாட்டேன். அப்புறம் ஆன்ட்டி விதியைத் தனியா ஒரு சுவிட்சா வைங்க, நண்பர்கள் மட்டும் ஆடற டேபிளுக்கு. இது வேற யார்கிட்டயும் இல்ல" என்றார்.

நான் பிரித்துப் போட்டுத் திரும்ப எழுதினேன். ஐந்து சீட்டில் வரக்கூடிய சேர்க்கைகள் கிட்டத்தட்ட இருபத்தாறு லட்சம். ஒன்று விடாமல் கணினியை வைத்துச் சரிபார்த்தேன். தினகரன் சார் தன் ஆள்களை விட்டு நோண்டிப் பார்த்தார், ஒரு பிழை கிடைக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட அன்று பழைய மேனேஜருக்கு, "அந்த சீட்டை வேறு யாருக்காவது கொடுங்கள் சார்" என்று எழுதினேன். அதை அனுப்பியபோது வந்த கர்வம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

அந்த சுவிட்சுக்குப் பிரகாஷ் 'அம்மா' என்றே பெயர் வைத்தான். எங்கள் கையேட்டைப் படித்த எங்கேயோ ஒரு நாட்டு டெவலப்பர், 'அம்மா என்பது எந்தக் கணித முறையின் சுருக்கம்?' என்று மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார். சுருக்கமெல்லாம் இல்லை, என் அம்மாவேதான், அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்று பதில் போட்டேன்.

போன தீபாவளிக்கு அம்மாவும் என் தம்பியும் அந்த ஆப்பிலேயே, சுவிட்சைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். கடைசி ஆட்டம் சமமாக வந்தது. ஸ்பேட் தம்பியிடம். சிப்ஸ் மொத்தமும் அவன் பக்கம் போனது. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் திரையை உற்றுப் பார்த்தார்.

"கவி, உன் கணக்குல ஏதோ தப்பு இருக்கு. பாதி எனக்கு வரணும்லா. தினகரன் தம்பிக்கு போனைப் போடு!"