நான் வெளியிட்ட பொத்தான்கள்

“எங்க, ஒண்ணை எடுத்துக் காட்டுங்க” என்றாள் என் மனைவி.

அவள் வாயில் நான்கைந்து குண்டூசிகள் இருந்தன. தைக்கும்போது அவை அங்கேதான் இருக்கும். அப்படியிருந்தும் அவள் பேச்சு என் பேச்சைவிடத் தெளிவாக இருக்கும்.

“காட்டற பொருள் இல்ல அது. போனுக்குள்ள இருக்கு.”

“சரி, போனைக் காட்டுங்க.”

காட்டினேன்.

“இது நம்பர். காசு எங்க?”

“நம்பர்தான் காசு.”

“கரன்ட் பில்லுல வர்றதும் நம்பர்தான். அதைக் காசுன்னு வாங்கிக்குவாங்களா?”

ஒரு வாரமாக இதே வாதம். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க அவள் வைத்திருந்த பணம் வங்கியில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. ஊரார் துணிகளின் ஓரம் மடித்தே சேர்த்த பணம். மெஷின் வந்து சேர இன்னும் ஆறு வாரம் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதுவரை அதைக் கிரிப்டோவில் போட்டுவைப்போம் என்பது என் யோசனை. என் போனஸ் ஏற்கெனவே அங்கே போய்விட்டது. தனியாக இருக்கிறதே, துணைக்கு ஒன்று வேண்டாமா?

“கிரிப்டோன்னா ஏறி இறங்குற குதிரைன்னு நினைக்காத” என்றேன். “நான் சொல்றது ஸ்டேபிள்காயின். பேரிலேயே இருக்கு, நிலையா நிக்கும்.”

“போன மழைக்கு ‘புயல்’னு பேர் போட்ட குடை வாங்கிட்டு வந்தீங்க. ஃபேன் காத்துக்கே மடங்கிருச்சு.”

“அது குடை. இதுல ஒவ்வொரு காயினுக்கும் ஈடா நிஜப் பணத்தைக் கம்பெனி பெட்டியில வச்சிருக்கும்.”

“பெட்டியை யார் பார்த்தா?”

“அவங்களே பார்த்து அறிக்கை விடுவாங்க.”

“பாலு பத்திரமா இருக்குன்னு பூனையே வந்து சொல்லுமாக்கும்.”

“நம்பிக்கைன்னு ஒண்ணு வேணும்.”

“சாமியையும்தான் கண்ணால பார்க்காம நம்பறேன். ஆனா சாமிகிட்ட போட்டதை ஆறு வாரம் கழிச்சுத் திருப்பிக் கேக்கறதில்ல.” குண்டூசி ஒன்றைத் துணியில் குத்தினாள். “ஆமா, பெட்டியில நிஜப் பணம் இருக்குன்னா எதுக்குக் காயின்? அந்த நிஜப் பணத்தை நானே வச்சுக்கறேனே.”

இதற்குப் பதில் இருக்கிறது. நான் பார்த்த வீடியோவில் ஒருவர் சொன்னார். அப்போது புரிந்தது.

“உங்க காயினுக்கு என் பொத்தான் மேல்” என்றாள்.

பொத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை. சில்லறை என்றைக்கும் இருக்காது. ஒருநாள் கீழ்வீட்டு நர்ஸுக்கு மீதி கொடுக்க முடியாமல், ஒரு பெரிய பச்சைப் பொத்தானை எடுத்துக் கொடுத்தாள். “இதைக் கொண்டு வா, ஒரு ஜிப்போ ஓரமோ தைச்சுத் தர்றேன்.” நர்ஸ் அந்தப் பொத்தானைத் தன் குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்காக மூன்றாம் மாடி பஸ் டிரைவரின் மனைவிக்குக் கொடுத்தாள். பஸ் டிரைவர் அதை வண்டி கழுவிய வாட்ச்மேனிடம் கொடுத்தார். வாட்ச்மேன் கால்சட்டையோடு எங்கள் வீட்டு மணியை அடித்தார். அப்படித்தான் தொடங்கியது. இப்போது எங்கள் கட்டடத்தில் பச்சைப் பொத்தான் வாங்காதது பூனை மட்டும்தான்.

“என் பொத்தான் யாருக்காவது ஒருதடவை செல்லாமப் போச்சுன்னா, மெஷின் பணத்தை எடுத்துக்கங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

நான் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் ஒரு கதவு திறந்தது.

திட்டம் எளிமையானது. அதே பொத்தான்களை வாங்க வேண்டும். கட்டடம் முழுக்க இறைக்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் துணியோடு வந்து நிற்பார்கள். அவளால் தைத்துக் கொடுக்க முடியாது. ஒருவரையாவது ‘அப்புறம் வா’ என்று திருப்பி அனுப்புவாள். அங்கே பொத்தான் கவிழும். கணவனின் பொருளாதார அறிவு நிமிரும்.

ஆபீஸ் பக்கத்துச் சந்தில் தையல் சாமான் கடை இருந்தது. மனைவியின் பொத்தான் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னையும் அதேபோல் பார்த்தார். ஏணியில் ஏறி ஒரு பாக்கெட் எடுத்துத் தந்தார். அதே பச்சை, அதே நான்கு துளை. கேட்காமலே விலையைக் குறைத்தார். நல்ல காரியத்துக்கு உலகமே ஒத்துழைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நான் தாராளப் பிரபுவாக இருந்தேன். கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்குப் பொத்தான். வழியில் ஏற்றிக்கொண்ட பஸ் டிரைவருக்குப் பொத்தான், டிக்கெட் எடுத்த பிறகும். சும்மா சிரித்த நர்ஸுக்கு இரண்டு. எல்லோரும் மறுக்காமல் வாங்கினார்கள். வாங்கும்போது கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸில் போனைத் திறந்தேன். நிலையான காயின் கொஞ்சம் நிலைகுலைந்திருந்தது. பதறவில்லை. போனஸை வெளியே எடுத்துவிடலாம் என்று பொத்தானை அழுத்தினேன், போனிலுள்ள பொத்தானை. ஒரு வரி வந்தது: ‘பணம் எடுக்கும் வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது.’

நான் வேலை செய்வது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில். புகார்களை வாங்கிக்கொள்வதும், லிஃப்ட் கதவில் மாட்டும் அறிவிப்பு அட்டைகளை அச்சடிக்கக் கொடுப்பதும் என் வேலை. ‘தற்காலிகமாக இயங்காது’ என்ற வாசகத்தை எழுதியவன் நான். அதற்கு என்ன பொருள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

வீட்டில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது.

பஸ் டிரைவர் நின்றிருந்தார். கையில் யூனிஃபார்ம் பேன்ட்டும் பச்சைப் பொத்தானும். அவருக்குப் பின்னால் நர்ஸ். அவளுக்குப் பின்னால் படிக்கட்டு வளைவுவரை தலைகள், கைகள், துணிகள். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

“பாவம், இத்தனை பேரா!” என்றேன் மனைவியிடம், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. “எப்படிச் சமாளிப்ப? யாரையாவது அப்புறம் வரச் சொல்லேன்.”

அவள் டிரைவரின் பொத்தானை வாங்கவேயில்லை.

“அண்ணே, இது யார் கொடுத்தது?”

“சார் கொடுத்ததும்மா.”

“நர்ஸம்மா, உன்னோடது?”

“சார்தான்க்கா. ரெண்டு.”

“அப்ப சார்கிட்டயே கொடுங்க. நான் கொடுத்ததுக்கு நான் தைக்கறேன். அவர் கொடுத்ததுக்கு அவர் தைப்பாரு.”

“நானா? எனக்குத் தைக்கத் தெரியாதே!”

“தெரியாதவர் எதுக்குப் பொத்தான் வெளியிட்டீங்க?”

“இது எல்லாம் ஒரே பொத்தான்தான்! எது உன்னுது, எது என்னுதுன்னு எப்படித் தெரியும்?”

“நான் எப்பவும் சாமான் வாங்கற கடை அது. கடைக்காரர் அன்னிக்கே போன் பண்ணிட்டாரு. ‘அக்கா, வீட்டுக்காரர் ஒரு பாக்கெட் வாங்கிட்டுப் போறாரு, அதே கலர்ல ஜிப்பும் அனுப்பட்டுமா’ன்னு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிவச்சேன். சார் கொடுத்தா வாங்கி வைங்க, ஞாயித்துக்கிழமை சார் ஃப்ரீயாத்தான் இருப்பாருன்னு.”

வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“பொத்தான் மாற்றும் வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது.”

“தற்காலிகமாவா?” என்றார் டிரைவர். “உங்க போர்டு லிஃப்ட்டுல மாட்டினப்ப என் மக கைக்குழந்தை சார். இப்ப அவளே மூணு மாடி ஏறி வர்றா.” அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மனைவி என் கையில் ஊசியைக் கொடுத்தாள். மெஷினைத் தரவில்லை. “மெஷின்ல வேகம் அதிகம். உங்களுக்கு நிலையா நிக்கறதுதானே பிடிக்கும்?”

மாலைவரை தைத்தேன். டிரைவரின் பேன்ட்டில் இடது கால் ஓரம் சற்று மேலே போனது. சரிசெய்ய வலது காலை மேலே ஏற்றினேன். அப்போது இடது கால் தழைந்து தெரிந்தது. மூன்றாவது சுற்றில் அவரே பேன்ட்டைப் பிடுங்கிக்கொண்டார். “போதும் சார். இன்னும் ஒருதடவை சரிபண்ணினா என் மகளுக்குத்தான் ஆகும்.” வாட்ச்மேனின் சட்டைப் பையை வாயோடு சேர்த்துத் தைத்து மூடிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “பரவாயில்ல சார், அதுல போடறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். நர்ஸின் வெள்ளைக் கோட்டில் என் விரல் ரத்தம் ஒரு சொட்டு விழுந்தது. “எங்க ஆஸ்பத்திரியில இது சகஜம்” என்று தேற்றினாள். வேலை முடித்த ஒவ்வொருவரும் என் பொத்தானை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவருடைய பொத்தானும் செல்லாமல் போகவில்லை.

கடைசி ஆள் போனதும் மனைவி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“உங்க கம்பெனி பரவாயில்லையே. பெட்டியில எதுவும் இல்லாமலே எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துட்டீங்க.” பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்: “அந்தப் போனஸ், வருமா?”

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

“தற்காலிகமா...” என்று ஆரம்பித்தேன்.

“சரி, விடுங்க” என்றாள். போய்த் தன் மெஷினில் உட்கார்ந்தாள். அவளுடைய பணம் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. பொறாமையாக இருந்தது.

நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். நாள் முழுக்கக் குனிந்து தைத்ததில் என் வெள்ளைச் சட்டையில் வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் தெறித்துப் போயிருந்தது. காலையில் ஆபீஸ். சட்டையைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினேன். அவள் திரும்பாமலே உள்ளங்கையை நீட்டினாள். என் குவியலிலிருந்து பச்சைப் பொத்தான் ஒன்றை எடுத்து அதில் வைத்தேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“இது உங்களோடது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான் விளக்கின் அடியில் போய் உட்கார்ந்து, நூலை எச்சில் தொட்டு முறுக்கி ஊசியில் கோத்தேன். அந்தப் பச்சைப் பொத்தானை என் வெள்ளைச் சட்டையில் வைத்துத் தைக்க ஆரம்பித்தேன்.