மச்சானுக்கு நாற்பது கிரீடம்

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கெர்பன் தங்கமான மனுஷன். அவனுடைய ட்ரோம்போனைத்தான் எனக்குப் பிடிக்காது.

வருஷா வருஷம் ஏப்ரல் பிறந்ததும் நெதர்லாந்தின் வடகோடியிலிருக்கும் குரோனிங்கனில் ரயிலேறி எங்கள் வோர்ஹவுட்டுக்கு வந்துவிடுவான். நாலு நாள் என்பான். மூன்று வாரம் ஆகும். காலை ஆறு மணிக்கு விருந்தாளி அறையின் ஜன்னலைத் திறந்துவைத்து, தன் ஊர் வாத்தியக் குழுவுக்காக அந்தப் பித்தளைக் குழாயை ஊதிப் பழகுவான். வீட்டில் ஊத அவன் மனைவி விடுவதில்லை. அந்த அம்மாளின் தைரியம் எனக்குக் கிடையாது.

போன அக்டோபரில் ஒரு சபதம் எடுத்தேன். அடுத்த வசந்தம் எனக்கே எனக்கு.

வழி காட்டியவர் பூக்கிழங்கு விற்கும் பஸ்டியான். சக்கரவர்த்தி கிரீடம் என்று ஒரு செடி. மூன்றடி உயரம் வளரும். உச்சியில் பச்சைக் குடுமி, அதன் கீழே வட்டமாகத் தொங்கும் ஆரஞ்சு மணிகள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கிழங்கிலிருந்து இலை வரைக்கும் நரி வாடை, எலிகூட அண்டாது என்றார். எலி அண்டாத இடத்தில் மச்சான் எப்படி அண்டுவான்? நாற்பது கிழங்கு வாங்கினேன்.

விருந்தாளி அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ ஆழம் தோண்டினேன். கிழங்கின் நடுவில் குழி இருக்கும், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் படுக்கவைத்தேன். மச்சானையே படுக்கவைப்பதுபோல ஓர் ஆனந்தம்.

என் மனைவி அன்னெகா காபி கொண்டுவந்தாள். ஒன்பது வருஷமாக மண்வெட்டியைத் தொடாத மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டாள்.

"உன் தம்பி கண் முழிச்சதும் பூவைப் பார்க்கட்டுமேன்னுதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அவன் மேல இவ்வளவு பாசமா உங்களுக்கு?" என்றாள். பிறகு, வரிசை கோணலாக இருக்கிறது என்று சொல்லி, பத்துக் கிழங்கை என்னைக்கொண்டே தோண்டி எடுத்து மறுபடி நடவைத்தாள்.

ஏப்ரலில் நாற்பது கிரீடமும் பூத்தன. தெருவே நின்று பார்த்தது, ஐந்தடி தள்ளி நின்று. நான் மட்டும் கிட்டே போய் மூச்சை நன்றாக இழுத்துவிட்டேன். குமட்டியது. மனசு நிறைந்தது.

கெர்பன் வந்தான். பெட்டியை வைத்தான், ஜன்னலைத் திறந்தான். மறு நிமிஷமே கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். இன்றைக்கே ரயில் ஏறிவிடுவான் என்று நான் அட்டவணையைக்கூட எடுத்துவிட்டேன்.

அவனோ வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எனக்காக இதுவரைக்கும் யாருமே ஒரு செடி நட்டதில்லை, அத்தான்," என்றான்.

அன்னெகா அவனை உட்காரவைத்தாள். "வாடை கொஞ்சம் தூக்கல்டா. ஊதுறவனுக்கு நல்ல காத்து வேணும். நீ மாடியில எங்க ரூமை எடுத்துக்கோ. நான் தையல் ரூம்ல படுத்துக்கறேன்."

தையல் அறையில் ஒற்றைக் கட்டில்தான். "அப்ப நான்?" என்றேன்.

என் தலையணையை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். "ஆசைஆசையா நட்டது நீங்கதானே? பக்கத்துலயே இருந்து பாருங்க." விருந்தாளி அறை வாசல் வரைக்கும் கூடவே வந்து, காதோடு காதாகச் சொன்னாள்: "நரி வாடைன்னு பஸ்டியான் அப்பவே எங்கிட்டயும் சொல்லிட்டார்."

மூக்கால் தொடங்கிய காரியத்தில் மூக்கறுபட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு மாடி ஜன்னலிலிருந்து ட்ரோம்போன் அருமையாகக் கேட்டது. சர்ச் கோபுரத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. என்னவோ தெரியவில்லை, பூக்களுக்கு நடுவில் நின்று கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கெர்பன் கீழே எட்டிப் பார்த்தான். "அக்கா எல்லாம் சொல்லிட்டா, அத்தான். தனியா தோண்டி இடுப்பு ஒடிஞ்சுதாமே. இனிமே வருஷா வருஷம் அக்டோபர்லயும் நான் வந்து கூட நின்னு நட்டுத் தரேன்."

அதுவரைக்கும் அவன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வந்துகொண்டிருந்தான்.