வள்ளத்தாரும் வெட்டிய தலையும்

கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழரில் பாதிப் பேர் மனத்தால் இன்னும் யாழ்ப்பாணத்தில் வாழ்கிறார்கள். மீதிப் பேர் ஜெர்மனியில். பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் வாழ்பவர் வள்ளத்தார் ஒருவர்தான்.

பேக்கரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர். ஓர் அருங்காட்சியகத்தில் அந்தத் தீவுக்காரர்களின் பழைய போர் வள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்து, தன் தோட்டக் குடிலுக்குள் அதேபோல ஒன்று கட்டத் தொடங்கினார். குடிலின் நீளம் ஆறு மீட்டர், வள்ளம் ஏழு. நான் இருமுறை அளந்தேன். மூக்கு மட்டும் ஜன்னல் வழியாக வேலியைத் தாண்டி நிற்க, பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரர் அதில் தன் பூவாளியை மாட்டிவைத்தார்.

சண்டை வந்தது மூக்கின் அடியில், குடிலுக்குள்ளேயே நின்ற முகப்புச் சிற்பத்தால். வெட்டிய தலையொன்றைக் கையில் ஏந்திய சிறு உருவம் அது. பாதிரிமார் வந்தபிறகு தீவுக்காரர்கள் தலைக்குப் பதிலாகப் புறா செதுக்கினார்களாம்.

"அது பாதிரிமார் கெடுத்த வேலை, மாஸ்டர். நான் ஒறிஜினல்தான் செய்வன்" என்றார் என்னிடம்.

அவர் மனைவி ராணியக்கா, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வெட்டின தலையோட என்னால ஏறேலாது. முப்பத்தெட்டு வருசமா உங்கட தலையோட மாரடிக்கிறன், அது காணும்."

முதல் பயணம் ராணியக்காவோடுதான் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார் வள்ளத்தார். வள்ளத்தின் இரண்டாவது இருக்கைக்கு எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள்.

"ராணி ஏறாட்டி அது விறகு" என்றார். குளிர்காலம் முழுவதும் வள்ளம் குடிலிலேயே கிடந்தது. அவரும் பக்கத்தில் கிடந்தார்.

வெயில் வந்ததும் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, குடிலின் முன்சுவரைக் கழற்றினார். தலையைக் காணவில்லை. உருவத்தின் கையில் ஒரு பறவை.

"கடைசியில பாதிரியார் வெண்டிட்டார் போல, அண்ணை!" என்றான் சுவரைப் பிடித்திருந்தவன்.

"பாதிரியாரோ? அவரால ஏலுமோ? வெண்டது ராணி."

ராணியக்கா கிட்டப் போய்ப் பார்த்தார். "இது புறா இல்லை. கோழி."

"ஏறுறீரோ, இல்லையோ?"

"ஓம், ஏறுறன். கோழி பாவம்."

கால்வாயில் இறக்கினோம், இருவரும் ஏறினார்கள். ஒரு சரக்குக் கப்பல் போன அலையில் வள்ளம் ஆட, கரையில் நின்ற பதினொரு பேரும் கத்தினோம். வள்ளத்தார் தலைசுற்றிப் படுத்துவிட்டார். ராணியக்காதான் துடுப்பை வாங்கி, கணவரைத் திட்டியபடியே கரைசேர்த்தார். இறங்கியதும் வள்ளத்தாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தீவையே பிடித்துக்கொண்டு வந்ததுபோல.

வருகிற ஞாயிறு ராணியக்காவுக்குத் தேவாலயத்தில் கூட்டமாம். அவருடைய இருக்கையில் என்னை ஏறச் சொல்லியிருக்கிறார் வள்ளத்தார். எனக்கு நீந்தத் தெரியாது. வேறு யார் கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றிருப்பேன்.