மாவு டப்பாவில் ஒன்பது வருஷம்

தொலைபேசியை வைத்த பிறகும் ராய்ஸ் ஹாக்கெட் அதன்மேல் இருந்த கையை எடுக்கவில்லை.

"யாரு?" என்றாள் மனைவி நெட்டி.

"வக்கீல் கிம்பால். வியாழக்கிழமை அரசாங்கத் தரப்புலேருந்து ஆள் வருதாம். ரீனோவுல உன் தம்பி வீட்டுல இருக்கிற துப்பாக்கி மேகசினைப் படம் எடுக்கணுமாம்."

நெட்டி அலமாரியின் மேல் தட்டைப் பார்த்தாள். அங்கே மாவு டப்பா. அதற்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி, துப்பாக்கிக்குத் தோட்டா அடைக்கும் அதே மேகசின்.

"தம்பி வீட்டுல இருக்குன்னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

ராய்ஸ் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற மேகசினைக் கலிஃபோர்னியாவில் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, ஊரில் பாதிப் பேர் தங்களுடையதை எல்லை தாண்டி நெவாடா மாநிலத்தில், ரீனோ பக்கம், உறவுக்காரர் வீடுகளில் வைத்தார்கள். ராய்ஸும் வைப்பதாகத்தான் இருந்தார். முதல் வாரம் மலைப்பாதையில் பனி. அடுத்த வாரம் எரிவாயு லாரியில் ஓயாத வேலை. அதற்குள் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட கிம்பால் ஆள் தேடி வந்துவிட்டார். மச்சான் வீட்டில் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் கொண்டுபோகலாம் என்று நினைத்த ராய்ஸுக்கு, அப்புறம் அதைத் தொடவே பயம்.

அது அப்பா கொடுத்தது. "பதினஞ்சு பிடிக்கும்டா" என்று பெருமையாகச் சொல்லித்தான் தந்தார். அப்பா சொல்லும் கதையில் அவர் பிடித்த மீனெல்லாம் கை நீளம், சுட்ட மானெல்லாம் குதிரை உயரம்.

வழக்கு முதல் கோர்ட்டில் ஜெயித்தது. மூன்று நீதிபதிகளிடம் ஜெயித்தது. பதினோரு பேர் சேர்ந்து உட்கார்ந்து தோற்கடித்தார்கள். இன்னும் மேலே போய், முதலிலிருந்து பாருங்கள் என்று கீழே வந்தது. வழக்குப் போட்டபோது குட்டியாக இருந்த நாய், இப்போது கண் தெரியாமல் சோபாவில் முட்டிக்கொள்கிறது.

வருஷா வருஷம் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் சுட்டு விற்று ஊரார் வழக்கை நடத்தினார்கள். சுவரில் ராய்ஸின் படம், அடியில் 'நேர்மையான மனிதர்'. அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் அவர் எப்போதும் உட்காருவார். விஷயம் வெளியே தெரிந்தால் ஜெயில்கூடப் பரவாயில்லை, அந்தப் பான்கேக் சுட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"சீஸ் போட்டு மக்ரோனி பண்றேன். அதை அடியில வெச்சுக் கொண்டுபோங்க" என்றாள் நெட்டி.

புதன்கிழமை மதியம் ராய்ஸ் பாத்திரத்தோடு ரீனோ போய்ச் சேர்ந்தார். கை கழுவிவிட்டு வருவதற்குள் மச்சான் வெர்ன் அதைச் சூடுபண்ண ஓவன் அடுப்புக்குள் தள்ளியிருந்தான்.

"என்ன அத்தான், அக்கா சமையல்ல பிளாஸ்டிக் வாடை அடிக்குது?"

பை உருகி மேகசினோடு ஒட்டியிருந்தது. இருவரும் சுரண்டித் தேய்த்தார்கள். இப்போது அது பளபளவென்று புதுசாக மின்னியது.

"ஒன்பது வருஷம் கிடந்த மாதிரியே இல்லையே மச்சான்."

"இருங்க, தூசி நான் தரேன்" என்று வெர்ன் வீடு பெருக்கும் மெஷினின் பையை அதன்மேல் கவிழ்த்தான். இடுக்கில் மிச்சமிருந்த சீஸில் தூசியெல்லாம் அப்பிக்கொண்டு, அது செத்த எலி மாதிரி ஆயிற்று.

வியாழக்கிழமை கிம்பாலோடு, அரசாங்கத் தரப்பிலிருந்து மிஸ் ஓடெல் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. கையுறை மாட்டி மேகசினை எடுத்தார், முகர்ந்தார்.

"இது எங்கே இருந்தது?"

"கராஜ்லங்க" என்றான் வெர்ன்.

"சீஸ் வாசனை வருதே?"

"எலிப்பொறி பக்கத்துல இருந்துச்சு."

"ஒன்பது வருஷமாவா?"

"ஒரு நாள்கூட நகரலைங்க."

மிஸ் ஓடெல் ஜன்னல் வழியே கராஜைப் பார்த்தார். "புதுசாத் தெரியுதே. எப்ப கட்டினது?"

"நாலு வருஷம் ஆச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வெர்ன் வாயை மூடிக்கொண்டான்.

ராய்ஸுக்குக் காது மடல் சுட்டது. தன்னால் இந்த அப்பாவியும் பொய்யன் ஆகிவிட்டான். தீயணைப்பு நிலையச் சுவரில் இருக்கும் படம் கண்ணுக்குள் வந்தது. எழுந்து நின்றார்.

"அவனை விடுங்கம்மா. எல்லாம் நான் பண்ணினது. அது ஒரு நாள்கூட இங்கே இல்லை. என் வீட்டு மாவு டப்பாவுலதான் இருந்துச்சு. சட்டம் கூடாதுன்னு சொன்னதை ஒன்பது வருஷம் ஒளிச்சு வெச்சிருந்தேன். ஊரையும் ஏமாத்திட்டேன், கோர்ட்டையும் ஏமாத்திட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

கிம்பால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஒன்பது வருஷத்து வழக்கு அவர் விரல்களுக்குப் பின்னால் பெருமூச்சு விட்டது.

மிஸ் ஓடெல் மட்டும் எதையும் காதில் வாங்காதவர் போல, பரிசோதனைக்குக் கொண்டுவந்த பொம்மைத் தோட்டாக்களை மேகசினில் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் சிவக்க அழுத்தினார். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி முதலிலிருந்து அடைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இதை வெச்சிருந்ததுக்காக உங்களை யாரும் பிடிக்க முடியாது, மிஸ்டர் ஹாக்கெட். கடையிலேயே உள்ளே தடுப்புக் கட்டை வெச்சு வித்தது இது, பத்துக்கு மேல ஒண்ணுகூடப் போகாது."